ஜனாதிபதி எங்கே தூங்குவார்?

மலைக்குப் போகிறோம். போய் இறங்கியதும் முதலில் என்ன கேட்போம்? வெந்நீர் வருமா, ரூமில் ஹீட்டர் இருக்கிறதா, ஜன்னலைத் திறந்தால் வியூ தெரியுமா? சாதாரண ஜனங்கள் நமக்கே இத்தனை கவலை. ஒரு நாட்டின் ஜனாதிபதி மலைக்கு வருகிறார் என்றால் சும்மாவா?

1903-ம் வருடம், மே 15. இடம், அமெரிக்காவின் மேற்குக் கோடியில் கலிஃபோர்னியா மாநிலம். அங்கே சியரா நெவாடா மலைத்தொடர். அதற்குள்ளே யோசெமிட்டி. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டியில் மலையேறி, சாயங்காலம் மாரிபோசா தோப்புக்கு வந்து சேர்ந்தார். தோப்பு என்றதும் மாந்தோப்பைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எல்லாம் சீக்வோயா மரங்கள். அதில் ஒன்றின் வயது சுமார் 3,000 வருடம். நிமிர்ந்து பார்த்தால் தொப்பி கீழே விழும்.

கூடவே ஒரு பெரிய பரிவாரம். மாநில கவர்னர், கடற்படை மந்திரி, பல்கலைக்கழகத் தலைவர்கள், டாக்டர், செகரட்டரி, குதிரைப்படை. மரத்தடியில் எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சில மைல் தள்ளி வவோனாவில் நல்ல ஹோட்டல் இருக்கிறது. கிளம்பலாமா?

நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்றார் ஜனாதிபதி.

பரிவாரம் ஹோட்டலுக்குப் போனது. தோப்பில் மிஞ்சியது ஐந்தே பேர். ரூஸ்வெல்ட், அந்த மலைப்பகுதியைக் காவல் காக்கும் இரண்டு ரேஞ்சர்கள், சாமான் கழுதைகளை ஓட்டுகிற ஓர் ஆள், அப்புறம் தாடி வைத்த ஒரு கிழவர். அந்தக் கிழவருக்காகத்தான் ஜனாதிபதி இத்தனை தூரம் வந்திருந்தார்.

பெயர் ஜான் மியூர். வயது 65. ஸ்காட்லாந்தில் பிறந்து பதினோரு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்தபோது ஒரு விபத்து. கண்ணில் அடிபட்டு, சில வாரம் இருட்டு அறையில் கிடந்தார். பார்வை திரும்பி வந்ததும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். 1868-ல் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார். மறு வருடம் ஆட்டு மந்தையோடு சியரா மலையில் ஏறினார். ஏறியவர் மனசளவில் அப்புறம் இறங்கவே இல்லை.

மியூர் மலைக்குள் போகிற லட்சணமே தனி. கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் தேயிலை, போட்டிருக்கும் கோட்டு. பல சமயம் கம்பளிகூடக் கிடையாது. சாயங்காலம் ஒரு மரத்தடியைப் பார்த்து, ஃபர் மரத்தின் சின்னக் கிளைகளைப் பரப்பி, அதுவே மெத்தை. பக்கத்தில் நெருப்பு. முடிந்தது.

ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது 44 வயது. மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதால் 1901-ல் ஜனாதிபதி ஆனவர். வேட்டைப் பைத்தியம். டெடி பேர் என்று குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை இருக்கிறதே, அது இவர் பெயர்தான். 1902-ல் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிவைத்த கரடியைச் சுட மாட்டேன் என்று சொன்னார். அதை வைத்துப் பிறந்த பொம்மை. 1903-ல் எட்டு வாரம், சுமார் 14,000 மைல் என்று நாட்டின் மேற்குப் பக்கத்தைச் சுற்றி வந்தார். ஊருக்கு ஊர் மேடை, மாலை, மரியாதை. அதற்கு நடுவே மூன்று ராத்திரி மட்டும் தனக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். முன்கூட்டியே மியூருக்கு ஒரு கடிதம். உங்களைத் தவிர வேறு யாரும் வேண்டாம், அரசியலை மூட்டை கட்டிவிட்டு வெட்டவெளியில் உங்களோடு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

மியூர் அப்போது நண்பரோடு உலகப் பயணம் கிளம்பத் தயாராக இருந்தார். அதைத் தள்ளிப்போட்டார். ஏன் என்று நினைக்கிறீர்கள்? ஜனாதிபதி கூப்பிட்ட சந்தோஷமா? அதுவும் இருக்கலாம். ஆனால், நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் காட்டுக்கு ஏதாவது நல்லது நடக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு ஏற்கெனவே ஒருமுறை பலித்தும் இருந்தது.

1889-ல் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் என்ற பத்திரிகை ஆசிரியரை மியூர் இதே மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உயரத்தில் துவாலமி புல்வெளியில் கூடாரம். உங்கள் கட்டுரைகளில் பூக்காடு பூக்காடு என்று எழுதுவீர்களே, எங்கே காணோம் என்றார் ஜான்சன். ஆடு தின்றுவிட்டது என்றார் மியூர். ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒவ்வொரு கோடையிலும் மேலே ஏறி, வேரோடு மேய்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. மொட்டைத் தரையைப் பார்த்தபடி, ராத்திரி நெருப்புப் பக்கத்தில் இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். ஜான்சன் பத்திரிகையில் இடம் கொடுத்தார், மியூர் எழுதினார். 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா பிறந்துவிட்டது.

அதாவது, மியூருக்கு எங்கே படுப்பது என்பது வெறும் முதுகுவலி சமாசாரம் இல்லை. ஒருவரை எங்கே படுக்க வைக்கிறோமோ, காலையில் அவர் கண் முழித்ததும் அதைத்தான் பார்ப்பார். பார்த்தபிறகு வாதாடவேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

1890-ல் பூங்கா வந்துவிட்டதே, அப்புறம் 1903-ல் என்ன பிரச்னை? இருந்தது. 1864-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிபோசா தோப்பையும் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார். 1890-ல் வந்த தேசியப் பூங்கா அதைச் சுற்றி இருந்தது. ஆக, வடை மத்திய அரசிடம். நடுவில் இருந்த ஓட்டை மாநிலத்திடம். அந்த ஓட்டைதான் உலகமே பார்க்க வருகிற இடம். அங்கே வேலி போட்டு உழுது வைக்கோல் விளைவித்தார்கள், மரம் வெட்டினார்கள், ஹோட்டல்கள் கட்டினார்கள். முழுசையும் மத்திய அரசு எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது மியூரின் கோரிக்கை. மாநில அதிகாரிகள் விடுவார்களா? ஜனாதிபதியைத் தங்கள் விருந்தில் உட்கார வைக்க அவர்கள் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தோப்புக்குத் திரும்பி வருவோம்.

கழுதை மூட்டையில் கூடாரம் இருந்தது. போடவில்லை. சமையல், ரேஞ்சர் சார்லஸ் லைடிக். வறுத்த கோழி, மாட்டிறைச்சி, திக்கான கட்டங்காப்பி. சீக்வோயா அடியில் ஜனாதிபதிக்குப் படுக்கை. சுமார் 40 கம்பளிகளை அடுக்கிவைத்து, எத்தனைக்கு அடியில் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். (மியூரின் கோட்டு ஞாபகம் வருகிறதா?)

ஒரு சின்னத் தகராறு. ரூஸ்வெல்ட்டுக்குப் பேசப் பிடிக்கும். மியூருக்கும் பேசப் பிடிக்கும். இரண்டு பேருக்குமே கேட்பதில் அத்தனை ஆர்வம் இல்லை என்பதுபோல லைடிக் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் மியூர் ஒரு கேள்வியும் கேட்டார். இந்த மிருகங்களைக் கொல்லும் சின்னப்பிள்ளைத்தனத்தை எப்போது விடப்போகிறீர்கள்? ஜனாதிபதியிடம் இப்படிக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். ரூஸ்வெல்ட்டும் சளைத்தவர் இல்லை. அந்த ராத்திரி அத்தனை இனிமையாகப் பறவை பாடியதே, இந்த மனுஷர் காதிலேயே வாங்கவில்லையே என்று தன் சுயசரிதையில் ஆச்சரியப்பட்டிருக்கிறார். மியூருக்கு மரம், பாறை, பனி. ரூஸ்வெல்ட்டுக்குப் பறவை.

மறுநாள் அதிகாலையில் கிளம்பினார்கள். ரூஸ்வெல்ட் போட்ட ஒரே உத்தரவு, நாகரிக உலகம் இருக்கும் பக்கமே போகாதே. வவோனாவைச் சுற்றிக்கொண்டு, பனி மூடிய காட்டு வழியில் குதிரைகள் ஏறின. இடுப்பளவு பனி. லைடிக் முன்னால் போய் வழி உண்டாக்க, மற்றவர்கள் பின்னால். மலைமுகட்டில் காற்றும் பனிப்பொழிவும் சேர்ந்துகொண்டன.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கிளேசியர் பாயின்ட் பக்கம். பள்ளத்தாக்கின் விளிம்பு அது. நின்று எட்டிப் பார்த்தால் 3,200 அடி கீழே தரை. அங்கே அப்போது ஒரு ஹோட்டலும் உண்டு. இதைவிட நல்ல வியூ எந்த ஜன்னலிலும் கிடைக்காது. ஆனால் மியூர் அங்கே நிற்கவில்லை. விளிம்பை விட்டு உள்ளே தள்ளி, சென்டினல் டோம் என்ற மொட்டைப் பாறைக்குப் பக்கத்தில், ஃபர் மரங்கள் சூழ்ந்த ஒரு தாழ்வான இடத்தில் தங்கினார்கள்.

இதுதான் மலையில் படுத்துப் பழகிய கண். வியூ பகலுக்கு. ராத்திரிக்கு வேறு கணக்கு. விளிம்பில் காற்று ஆளை உரிக்கும். அதற்காக அடியாழப் புல்வெளிக்கு இறங்கினால், ராத்திரி குளிர்ந்த காற்று கனத்துப்போய் தண்ணீர் மாதிரி கீழே வடிந்து அங்கேதான் தேங்கும். விடியும்போது போர்வை நனைந்திருக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு மறைவாக ஓர் இடம். தண்ணீர் நடந்து போகிற தூரத்தில் இருக்கவேண்டும். விறகு வேண்டும். படுக்கும் முன்பு ஒருதரம் தலைக்கு மேலே பார்க்கவேண்டும். பட்டுப்போன கிளை ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால், எத்தனை அழகான இடமாக இருந்தாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். காட்டில் உறங்குகிறவர்களைக் கொன்றது கரடியைவிட மரக்கிளை அதிகம் என்று மலைக்காரர்கள் சொல்வார்கள்.

அன்று ராத்திரி ஐந்து அங்குலப் பனி விழுந்தது. கூடாரம் இல்லாமல், அமெரிக்க ஜனாதிபதி கம்பளிக் குவியலுக்கு அடியில், பனிக்கு அடியில் படுத்திருந்தார். பாதுகாப்பு அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். காலையில் எழுந்த ரூஸ்வெல்ட்டோ குழந்தை மாதிரி குதூகலித்தார். கிளேசியர் பாயின்ட் பாறை நுனியில் இரண்டு பேரும் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற போட்டோ அன்று எடுத்ததுதான்.

மூன்றாம் நாள் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். கீழே திருவிழா. மாநில கமிஷன்காரர்கள் விருந்து, வரவேற்பு, வாணவேடிக்கை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஜனாதிபதி குதிரையை விட்டு இறங்கினார், கை குலுக்கினார், கொஞ்ச நேரம் நின்றார், மறுபடி குதிரையில் ஏறினார். அவ்வளவுதான். வாணவேடிக்கைக்காரர்கள் பாவம்.

நேரே போனது பிரைடல்வெய்ல் புல்வெளிக்கு. மணப்பெண்ணின் முகத்திரை என்று அர்த்தம். 620 அடி உயரத்திலிருந்து விழும் அருவி காற்றில் அப்படித்தான் ஆடும். எதிர்ப்பக்கம், தரையிலிருந்து 3,000 அடிக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் எல் கேப்பிட்டன் பாறை. பக்கத்தில் மெர்சட் ஆறு. ஜனாதிபதியைப் பார்க்க ஒரு கூட்டம் அங்கேயும் வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா என்று லைடிக்கிடம் கேட்டார் ரூஸ்வெல்ட். லைடிக் போய்ச் சொன்னார். சத்தம் கேட்காமல் நுனிக்காலில் நடந்து கலைந்து போனார்களாம். அப்படி ஒரு ஜனாதிபதி, அப்படி ஒரு ஜனங்கள்!

மூன்றாவது ராத்திரியும் நெருப்பு, பேச்சு, பேச்சு. மறுநாள் காலை ரூஸ்வெல்ட் கிளம்பிப் போனார். போன கையோடு, சியராவின் பாதுகாக்கப்பட்ட காட்டை வடக்கே ஷாஸ்தா மலை வரைக்கும் நீட்டச்சொல்லி உள்துறைக்குத் தகவல் கொடுத்தார். 1905-ல் கலிஃபோர்னியா மாநிலம் பள்ளத்தாக்கையும் தோப்பையும் திருப்பித் தரச் சம்மதித்தது. 1906 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஓட்டை அடைபட்டது. பதவியை விட்டு இறங்கும்போது ரூஸ்வெல்ட் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருந்த நிலம், எல்லா வகையும் சேர்த்து, சுமார் 23 கோடி ஏக்கர். பிரிட்டனைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மூன்று ராத்திரியில்தான் இத்தனையும் நடந்தது என்று சொன்னால் அது சினிமா. ரூஸ்வெல்ட்டுக்கு ஏற்கெனவே காட்டின்மேல் பிரியம் உண்டு. ஆனால் அந்த மூன்று ராத்திரிகளுக்கு ஒரு பங்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதுவரை சொன்னதை நீங்கள் வேறு எங்காவது படித்திருக்கலாம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அந்தப் புல்வெளியைப் பற்றி. ஏனென்றால் பிரைடல்வெய்ல் புல்வெளியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து முக்கியமான முடிவு எடுத்த முதல் கூட்டம் இவர்கள் இல்லை.

52 வருடம் பின்னால் போகவேண்டும். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகமே அள்ளிக்கொண்டு போக வந்து இறங்கியது. மலையடிவாரத்தில் காலங்காலமாக இருந்த பழங்குடிகளுக்கும் வந்தவர்களுக்கும் மோதல். மாநில அரசின் அனுமதியோடு மாரிபோசா பட்டாளம் என்று ஒரு படை திரண்டது. ஜேம்ஸ் சாவேஜ் என்ற வியாபாரி அதற்குத் தலைவர். பழங்குடிகளைப் பிடித்துச் சமவெளியில் ஒதுக்கிய நிலத்துக்குக் கொண்டுபோவது வேலை.

1851 மார்ச் 27. படையின் ஒரு பிரிவு பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. ராத்திரி தங்க ஓர் இடம் பார்த்தார்கள். தட்டையான தரை, பக்கத்தில் ஆறு, விறகு, எதிரே பாறை. எல்லாம் பொருந்தி வந்த இடம், அதே பிரைடல்வெய்ல் புல்வெளி.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இந்த இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசினார்கள். லஃபாயெட் பன்னல் என்பவர், படையில் வைத்தியம் பார்த்தவர், யோசெமிட்டி என்று வைக்கலாம் என்றார். இங்கே இருக்கிற கூட்டத்தாரின் பெயர் அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் நினைவாக இருக்கட்டுமே என்பது அவர் சொன்ன நியாயம். யாரை விரட்ட வந்திருக்கிறார்களோ அவர்கள் நினைவாக! ஓட்டெடுப்பு நடந்தது, பெயர் நிலைத்தது. உண்மையில் அந்த ஜனங்கள் தங்கள் பள்ளத்தாக்கை அவானி என்றும் தங்களை அவானீச்சி என்றும் சொல்லிக்கொண்டார்கள். யோசெமிட்டி என்பது, கொலைகாரர்கள் என்ற பொருளில் பக்கத்துக் கூட்டத்தார் வைத்த பெயர் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

படை வரும் தகவல் தெரிந்து ஜனங்கள் மலைக்கு மேலே போய்விட்டார்கள். பள்ளத்தாக்கில் அகப்பட்டது, பாறை ஏற முடியாத ஒரு வயதான பாட்டி மட்டும். குடிசைகளும், சேர்த்துவைத்திருந்த ஓக் கொட்டைகளும் எரிக்கப்பட்டன. அந்தக் கொட்டையை இடித்து மாவாக்கித்தான் அவர்கள் ஜீவனம். நமக்கு நெற்குதிர் மாதிரி. மே மாதம் மறுபடி ஒரு படை வந்தது. தலைவர் தெனாயாவின் மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். உயரத்தில் ஓர் ஏரிக்கரையில் மிச்சமிருந்தவர்கள் பிடிபட்டார்கள். அந்த ஏரிக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறோம் என்று தெனாயாவிடம் பெருமையாகச் சொன்னார் பன்னல். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே என்றார் தெனாயா. இன்றைக்கும் வரைபடத்தில் அது தெனாயா ஏரிதான்.

அந்தப் புல்வெளிகள் அத்தனை விசாலமாக, கூடாரம் போடத் தோதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அவானீச்சிகள் முறை வைத்துப் பள்ளத்தாக்கின் தரையில் தீ வைப்பார்கள். புதர் எரியும், சின்னக் கன்றுகள் எரியும், பெரிய ஓக் மரங்கள் நிற்கும். புல் தழைக்கும், மான் வரும். வந்து பார்த்தவர்கள் ஆகா, இயற்கையின் நந்தவனம் என்று மெய்மறந்தார்கள். நந்தவனத்துக்குத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை விரட்டி, தீயையும் நிறுத்தியபின் ஊசியிலை மரங்கள் அடர்ந்து, புல்வெளிகள் சுருங்கிக்கொண்டே போனதைப் பழைய போட்டோக்களில் பார்க்கலாம். இப்போது பூங்கா நிர்வாகமே திட்டம் போட்டுத் தீ வைக்கிறது.

மியூருக்கு இது தெரியவில்லை. சொல்லப்போனால் பார்க்கவில்லை. மலையில் எதிர்ப்பட்ட பழங்குடிகளை அழுக்கானவர்கள் என்று எழுதினார், இந்த நிலக்காட்சியில் அவர்களுக்கு இடமே இல்லாததுபோலத் தோன்றியது என்றும் எழுதினார். ஆட்டுக் குளம்பின் தடத்தை அங்குலம் அங்குலமாகப் படித்த கண் அது. பின்னால் அலாஸ்காவில் பழங்குடிகளோடு பழகியபோது அவர் எழுத்தில் மரியாதை வந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். 1892-ல் அவர் தொடங்கிவைத்த சியரா கிளப், 2020-ல் அவருடைய பழைய வார்த்தைகளுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

மியூருக்கும் ஒரு பள்ளத்தாக்கு பறிபோனது. 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தில் எரிந்தது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டக் கேட்டார்கள். 1908-ல் முதல் அனுமதி கொடுத்தது யார் அரசு தெரியுமா? ரூஸ்வெல்ட் அரசு. மியூர் கடைசிவரை போராடினார். 1913 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 1914 டிசம்பரில் மியூர் காலமானார். 1923-ல் அணை எழும்பிவிட்டது.

இன்றைக்கு நீங்கள் யோசெமிட்டி போய், அந்த மூன்று இடத்திலும் மே மாதத்தில் ஒரு ராத்திரி படுக்கலாமே என்று ஆசைப்பட்டால், நடக்காது. அபராதம் கட்டவேண்டி வரும். மலைக்குள்ளே தங்குவதற்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்கவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. பள்ளத்தாக்கிலிருந்து குறைந்தது நாலு மைல் நடந்து தாண்டியபின்தான் கூடாரத்தைப் பிரிக்கலாம். ஆறு, ஏரி, பாதை எதுவானாலும் 100 அடி தள்ளி. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்டவேண்டும். ஃபர் கிளையை ஒடித்து மெத்தை போட்டால் தொலைந்தீர்கள். 9,600 அடிக்கு மேல் நெருப்பே கூடாது. அதற்குக் கீழேயும், ஏற்கெனவே யாரோ நெருப்பு மூட்டிய கல்வட்டம் இருந்தால் மட்டும். புதிதாக இடம் தேடாதே, முன்னால் படுத்தவன் படுத்த இடத்திலேயே படு என்பதுதான் பல இடங்களில் ரேஞ்சர்கள் தரும் அறிவுரை. லட்சக்கணக்கில் ஆள் வரும்போது வேறு வழியில்லை.

1964-ல் வந்த அமெரிக்க வனாந்தரச் சட்டம், மனிதன் வந்து போகிற விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடம் என்று வனாந்தரத்துக்கு இலக்கணம் சொன்னது. 1984-ல் யோசெமிட்டியின் சுமார் 95 சதவிகிதம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

விருந்தாளி அல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? அவானீச்சிகளில் சிலர் திரும்பி வந்து, ஹோட்டல்களில் வேலை செய்துகொண்டு பள்ளத்தாக்கிலேயே இருந்தார்கள். 1930-களில் பூங்கா நிர்வாகம் அவர்களை ஓர் ஓரமாகச் சின்னச் சின்ன வீடுகளில் வைத்தது. வேலை இருந்தால்தான் வீடு. ஒவ்வொன்றாகக் காலியான அந்தக் கிராமம் 1969-ல் முற்றிலுமாக இடிக்கப்பட்டது. ஒட்டினாற்போல அதற்குக் கிழக்கே இருப்பது கேம்ப் 4. உலகத்துப் பாறை ஏறிகளெல்லாம் காசி மாதிரி தேடிவரும் கூடார மைதானம். 2003-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது.

பக்கத்துக் கிராமத்துக்கு 2018-ல்தான் ஒரு காகிதம் கிடைத்தது. அங்கே தங்கள் வட்டக் கூடத்தையும் மரப்பட்டை வீடுகளையும் மறுபடி கட்டிக்கொண்டு சடங்குகள் செய்ய, அவானீச்சிகளின் வாரிசுகளுக்கு 30 வருடத்துக்கான ஒப்பந்தம். மரத்தைத் தாங்களே பிளந்து, தாங்களே தூண் நாட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் வஹோகா.